இரண்டு ராஜா, ஒரு சிப்பாய்: செஸ்ஸைக் கடைசியிலிருந்து கற்றுக்கொள்வது

எங்கள் வீட்டில் செஸ் காய்களுக்கு இரண்டு வரிசைப் பெயர்கள் இருந்தன. தாத்தா படித்தது மலையாளத்தில். எங்கள் ஊரான செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான். அதுவரை மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சி. அதனால் தாத்தாவுக்கு ராணி என்றால் 'மந்திரி'. குறுக்காக ஓடும் பிஷப் 'ஆனை'. மூலையில் நிற்கும் ரூக் 'தேர்'. அப்பா படித்ததோ தமிழில். அவருக்கு ராணி ராணிதான், பிஷப்தான் மந்திரி, மூலையில் நிற்பது யானை. "மந்திரிய பாத்துக்கோ" என்று தாத்தா குரல் கொடுப்பார். அப்பா பிஷப்பை எடுத்துப் பத்திரமான இடத்தில் வைப்பார். அடுத்த நகர்த்தலில் ராணி போய்விடும்.

உண்மையில் தாத்தா சொன்ன பெயர்கள்தான் பழையவை. சதுரங்கம் என்றால் நான்கு அங்கமுள்ள படை: யானை, குதிரை, தேர், காலாள். அரசன் பக்கத்தில் நின்றது மந்திரி. அந்த மந்திரி ஒரு நேரத்தில் குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் போக முடியும். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில்தான் அந்தக் காய் ராணியாகி, போர்டு முழுக்க ஓடும் இன்றைய பலத்தைப் பெற்றது. ரஷ்யக்காரர்கள் இன்றைக்கும் பிஷப்பை யானை என்றுதான் சொல்கிறார்கள்.

எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஆடினாலும் குழப்பம் வராத காய்கள் ராஜா, குதிரை, சிப்பாய். காலாள் என்றாலும் ஆள் என்றாலும் சிப்பாய் எது என்று எல்லோருக்கும் தெரியும். இந்தக் கட்டுரைக்கு அவற்றில் இரண்டே போதும், ராஜாவும் சிப்பாயும்.

சாயங்காலங்களில் எங்கள் திண்ணைக்குப் பிள்ளைகள் செஸ் படிக்க வருகிறார்கள். செங்கோட்டைப் பிள்ளைகள், புளியரைப் பிள்ளைகள், ஆரியங்காவிலிருந்து பாட்டி வீட்டுக்கு லீவில் வரும் பிள்ளைகள். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரையைப் போஸ்டரில் பார்த்துவிட்டு ஒரு பெரிய கூட்டமே வந்தது. கூட்டிக்கொண்டு வரும் அம்மா அப்பாக்கள் முதல் நாளே கேட்பது, "எந்த ஓப்பனிங் சொல்லிக் கொடுப்பீங்க?" ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களைத்தான் ஓப்பனிங் என்பார்கள். நான் போர்டை விரித்து, முப்பத்திரண்டு காய்களில் இருபத்தொன்பதைப் பையிலேயே விட்டுவிடுவேன். வெள்ளை ராஜா, கறுப்பு ராஜா, வெள்ளைச் சிப்பாய் ஒன்று. அவ்வளவுதான் வெளியே வரும். முகம் சுருங்கிப்போன பெற்றோர்கள் உண்டு. ஆனாலும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. செஸ்ஸைக் கடைசியிலிருந்து கற்பதுதான் சரி என்று முழுமனதாக நம்புகிறேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த கியூபாக்காரர் கபாபிளாங்கா, எதற்கும் முன்னால் எண்ட்கேமை, அதாவது சில காய்களே மிஞ்சி நிற்கும் கடைசிக் கட்டத்தைப் படியுங்கள் என்று வலியுறுத்தியவர். காரணத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். எல்லாக் காய்களும் நிற்கும் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 விதமான நகர்த்தல்கள் இருக்கின்றன: எட்டுச் சிப்பாய்களுக்கு இரண்டிரண்டாகப் பதினாறு, இரண்டு குதிரைகளுக்கு நான்கு. கறுப்புக்கும் அதேபோல் 20. ஆளுக்கு ஒரு நகர்த்தல் முடிந்ததுமே 400 நிலைகள். ஒன்பது வயதுப் பிள்ளை இதில் எதைப் பார்க்கும்? மூன்றே காய்கள் என்றால் அந்தப் பிள்ளையால் கடைசிவரை பார்த்துவிட முடியும். முழுவதும் பார்த்து முடித்த ஒரு நிலை கையில் இருந்தால், அடுத்ததைப் பார்க்கத் தைரியம் வரும்.

சரி, விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜா எந்தத் திசையிலும் ஒரு கட்டம் போகும். எதிரியின் காய் தாக்கும் கட்டத்துக்குள் நுழையக் கூடாது; ஆகவே இரண்டு ராஜாக்கள் ஒருபோதும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் நிற்க முடியாது. சிப்பாய் நேராக ஒரு கட்டம் முன்னே போகும், முதல் அடி மட்டும் விரும்பினால் இரண்டு கட்டம். வெட்டும்போது மட்டும் குறுக்காக. எட்டாவது வரிசையைத் தொட்டால் ராணியாகும். ராணி வந்துவிட்டால், ராஜாவும் ராணியும் சேர்ந்து தனி ராஜாவை அதிகபட்சம் பத்து நகர்த்தலில் மேட் செய்துவிடலாம், அதாவது தப்ப வழியில்லாமல் மடக்கிவிடலாம். ராஜா தாக்கப்பட்டு நிற்பது செக். செக் இல்லாத நேரத்தில் நகர இடமே இல்லாமல் போனால் அது ஸ்டேல்மேட், டிரா.

இன்னொரு விதி இருக்கிறது. எல்லோரும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவது. நான் நின்று சொல்வேன். உங்கள் முறை வந்தால் நகர்த்தியே ஆக வேண்டும். 'எனக்கு இப்ப வேண்டாம், நீ ஆடு' என்று சொல்ல முடியாது. புளியரைப் பையன் ஒருவன் முதல் வாரத்திலேயே என்னிடம் கேட்டான்: "அத்த, நான் நவுத்தல, இப்படியே நிக்கேன், அப்ப ஜெயிச்சிருவேன்ல?" ஜெயித்துவிடுவான்தான். ஆனால் நிற்க விடமாட்டார்கள். அவன் கேட்ட அந்தக் கேள்விக்குள்தான் எண்ட்கேம் மொத்தமும் இருக்கிறது.

கட்டங்களுக்குப் பெயர் தெரிந்தால் மேலே போகலாம். வெள்ளைக் காய் ஆடுபவர் பக்கத்திலிருந்து பார்த்தால், இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று எட்டு நிரைகள். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை வரிசைகள். இ4 என்றால் இ நிரையில் நான்காவது வரிசை.

எங்கள் செட்டில் வெள்ளைச் சிப்பாய் ஒன்று எப்போதோ தொலைந்துவிட்டது. அதற்குப் பதில் ஒரு ரப்பர் கொட்டை வைத்திருக்கிறோம். தென்மலைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வெடித்து விழுந்து கிடக்குமே, காடை முட்டை மாதிரி பழுப்புப் புள்ளி போட்ட வழவழப்பான கொட்டை, அதுதான். போர்டில் நேராக உட்காராது, ஒரு பக்கம் சாயும். பிள்ளைகளுக்கு அந்தச் சிப்பாய்தான் வேண்டும். அதையே வைத்து ஆரம்பிப்போம்.

முதலில் ராஜாவின் துணையில்லாமல் சிப்பாய் தனியாக ஓடும் நிலை. கொட்டை எச்4-இல் இருக்கிறது. வெள்ளை ராஜா தொலைவில் எங்கோ. கறுப்பு ராஜா சி5-இல். பிடிக்க முடியுமா? ஒவ்வொரு நகர்த்தலாக எண்ணலாம். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. சிப்பாய் நிற்கும் கட்டத்திலிருந்து எட்டாவது வரிசை வரை ஒரு பக்கமாக வைத்து மனசுக்குள் ஒரு சதுரம் போடுங்கள். எச்4, எச்8, டி8, டி4 ஆகியவை நான்கு மூலைகள். கறுப்பின் முறையாக இருந்து, ராஜா அந்தச் சதுரத்துக்குள் கால் வைத்துவிட்டால் சிப்பாய் மாட்டிக்கொண்டது. சி5-இலிருந்து டி5-க்கோ டி6-க்கோ போகலாம், உள்ளே வந்தாயிற்று. வெள்ளையின் முறை என்றால் கொட்டை எச்5-க்குப் போய்விடும். சதுரமும் சுருங்கி இ நிரையோடு நின்றுவிடும். டி6-க்கு ஓடி வந்தாலும் ஒரு கட்டம் வெளியே. சிப்பாய் ராணியாகிவிடும். சிப்பாய் இன்னும் இரண்டாவது வரிசையிலேயே இருந்தால் மூன்றாவதில் இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும், முதல் தாவலில் இரண்டு கட்டம் போகுமே. இந்த விதியைப் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் வருவதற்குத்தான் ஒரு வாரமாவது வேண்டும்.

வெள்ளை ராஜாவை இ4-இல் வையுங்கள். கறுப்பு ராஜா இ6-இல். நடுவில் ஒரே ஒரு காலிக் கட்டம். ரப்பர் கொட்டை இ3-இல், வெள்ளை ராஜாவின் முதுகுக்குப் பின்னால்.

இப்படி ராஜாக்கள் நேருக்கு நேர், இடையில் ஒரு கட்டம் விட்டு நிற்பதற்கு ஆப்போசிஷன் என்று பெயர். தமிழில் எதிர்நிலை என்று எழுதுகிறார்கள். போர்டு முன்னால் எல்லோரும் ஆப்போசிஷன் என்றுதான் சொல்கிறோம். இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இப்போது யார் முறை?

வெள்ளையின் முறை என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது வரிசையில் டி5, இ5, எஃப்5 மூன்றையும் கறுப்பு ராஜா காவல் காக்கிறது. கொட்டைக்கு முன்னால் ராஜாவே மறித்து நிற்கிறது. ஆகவே ராஜா பக்கவாட்டில் விலக வேண்டும், இல்லையென்றால் பின்வாங்க வேண்டும். டி4-க்குப் போனால் கறுப்பு டி6-க்கு வரும். எஃப்4-க்குப் போனால் எஃப்6. வயல் வரப்பில் இரண்டு பேர் எதிரெதிரே வந்து, இவர் ஒதுங்கிய பக்கமே அவரும் ஒதுங்கி, மறுபடி மறுபக்கம் இவர் போக அவரும் அதே பக்கம் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். கறுப்பு அதை வேண்டுமென்றே செய்கிறது. வெள்ளை எவ்வளவு நேரம் முயன்றாலும் வழி கிடைக்காது. டிரா.

இப்போது அதே நிலை. ஒரு காய் கூட மாறவில்லை. கறுப்பின் முறை, அது மட்டும்தான் வித்தியாசம். கறுப்பு ராஜா டி6-க்கு விலகினால் வெள்ளை எஃப்5-க்கு ஏறிவிடும். எஃப்6-க்கு விலகினால் டி5-க்கு. நேராக இ7-க்குப் பின்வாங்கினால் வெள்ளை இ5-க்குப் பின்தொடர்ந்து, மறுபடி அதே மாதிரி முகத்துக்கு நேராக நிற்கும். கறுப்பு மறுபடி நகர வேண்டும். அவன் ஒரு பக்கம் விலகினால் நீங்கள் மறுபக்கம் ஏறுங்கள். அவன் பின்னால் போனால் நேராகப் பின்னாலேயே போய் நில்லுங்கள். இப்படியே உங்கள் ராஜா ஆறாவது வரிசைக்கு வந்து, சிப்பாய் அதே நிரையில் பின்னால் இருந்துவிட்டால், அதன் பிறகு யார் முறை என்றாலும் வெற்றிதான்.

அதாவது ஒரே நிலையில், வெள்ளை நகர வேண்டுமானால் டிரா, கறுப்பு நகர வேண்டுமானால் வெள்ளைக்கு வெற்றி. இருவருமே தன் முறை வரக் கூடாது என்று நினைக்கும் நிலை. நகர்ந்தே தீர வேண்டிய இந்த நெருக்கடிக்கு ஜெர்மன் மொழியில் ஸுக்ஸ்வாங் என்று ஒரு சொல் உண்டு, செஸ் உலகம் முழுக்க அதையே வைத்துக்கொண்டது. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு நகர்த்தல் கூடக் கிடைத்தால் லாபம். இந்த இடத்தில் அதுவே பாரம். முதன்முறை இது புரியும்போது பிள்ளைகள் போர்டையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த அமைதிக்காகத்தான் நான் இதை முதல் பாடமாக வைத்திருக்கிறேன்.

இனி ஒரு சின்ன மாற்றம். ராஜாக்கள் அதே இடத்தில், இ4-இலும் இ6-இலும். ரப்பர் கொட்டையை மட்டும் ஒரு கட்டம் பின்னால், இ2-இல் வையுங்கள். வெள்ளையின் முறை. சற்று முன் டிரா என்றோமே, இப்போது?

கொட்டையை இ3-க்குத் தள்ளுங்கள். ராஜாக்கள் அசையவில்லை, ஆனால் முறை கறுப்புக்குப் போய்விட்டது. வழிவிட்டே ஆக வேண்டும். பின்தங்கி இருந்த சிப்பாய்தான் ஜெயித்துக் கொடுத்தது. எங்கள் திண்ணையில் இதற்குப் பெயர் சில்லறை. பஸ்ஸில் கண்டக்டர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்க மடியில் ஒரு ரூபாய் இருப்பது மாதிரி. "அத்த, எங்கிட்ட சில்லறை இருக்கு!" என்று ஒரு சிறுமி கத்தினாள் என்றால், எதிரில் இருப்பவனுக்கு முகம் வாடிவிடும்.

புதிதாக ஆடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான். சிப்பாய் ராணியாக வேண்டும், ஆகவே சிப்பாயை ஓட்டுவோம் என்று முதலிலேயே தள்ளிவிடுகிறார்கள். சில்லறை முழுக்க வாசலிலேயே செலவாகிவிடும். ராஜா முன்னே, சிப்பாய் பின்னே. ஆட்டத்தின் நடுவில் ஒளிந்திருக்கும் ராஜா, பெரிய காய்கள் எல்லாம் போன பிறகு வெளியே வந்து நடக்க வேண்டும். நடக்கத் தெரியாத ராஜாவால் ஜெயிக்க வேண்டிய எத்தனையோ ஆட்டங்கள் டிராவாகின்றன.

அடுத்தது, தோற்கும் பக்கம் எப்படித் தப்பிப்பது. இதை நான் வலியோடு கற்றேன். எனக்குப் பதின்மூன்று வயது. தென்காசியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் போட்டி, கடைசிச் சுற்று. எதிரில் இருந்தவருக்கு ஒரே ஒரு சிப்பாய் மிச்சம், இ6-இல். அவருடைய ராஜா அதற்குப் பின்னால் இ5-இல். என் ராஜா இ7-இல், சிப்பாயின் முகத்துக்கு நேராக. என் முறை. பின்வாங்கித்தான் ஆக வேண்டும். டி8, இ8, எஃப்8, மூன்று கட்டங்கள். மூன்றும் ஒன்றுதானே என்று நினைத்து டி8-இல் வைத்தேன்.

அவர் ராஜாவை டி6-க்குக் கொண்டுவந்தார். என் ராஜாவுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு கட்டம். நான் இ8-க்குப் போனேன். அவர் சிப்பாயை இ7-க்குத் தள்ளினார். என் ராஜாவுக்கு எஃப்7 தவிர வேறு இடமில்லை. அங்கே போனதும் அவர் ராஜா டி7-க்கு வந்தது. சிப்பாய் ராணியாவதைத் தடுக்க இனி ஒன்றும் இல்லை. கை கொடுத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே அந்த நிலையைத் தாத்தாவுக்கு வைத்துக் காட்டினேன். அவர் என் ராஜாவை எடுத்து இ8-இல் வைத்து, "நேரே பின்னால" என்றார். நேராகப் பின்னால். அவ்வளவுதான். இ8-இல் நின்றிருந்தால், அவர் டி6-க்கு வரும்போது நான் டி8-க்குப் போய் நேர் எதிரே நிற்பேன். எஃப்6-க்கு வந்தால் எஃப்8. சிப்பாய் இ7-க்கு வந்து செக் சொல்லும். நான் இ8-க்குத் திரும்புவேன். சிப்பாயைக் காப்பாற்ற அவர் இ6-க்கு வந்தாக வேண்டும். வந்ததும் எனக்கு நகர இடமே இல்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட். அரைப் புள்ளி.

சிப்பாய் இப்படி ஏழாவது வரிசைக்குச் செக் சொல்லிக்கொண்டு வந்தால் டிரா, சத்தமில்லாமல் வந்தால் வெற்றி என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். இந்த நிலைக்கு அது அச்சாகப் பொருந்தும்.

ஓரச் சிப்பாய்களின் கதை வேறு. ஏ நிரையிலோ எச் நிரையிலோ இருக்கும் சிப்பாய்க்கு ஒரு பக்கம் போர்டே இல்லை. எதிரி ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால் எழுப்பவே முடியாது; ஒன்று மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்குமாக அசைந்துகொண்டிருக்கும், இல்லையென்றால் ஸ்டேல்மேட் ஆகும். ஆப்போசிஷன் இருந்தாலும் பிரயோஜனமில்லை. ஆகவே சிப்பாய்களை வெட்டிக்கொள்ளும்போது, மிச்சமாவது ஓரத்துச் சிப்பாயா நடுச் சிப்பாயா என்று ஒரு கணம் நிதானித்துப் பாருங்கள்.

மூன்று காய் வைத்துக்கொண்டு விளையாடுவது குழந்தைகளுக்கான பாடம், பெரிய ஆட்டத்துக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் 2024 டிசம்பர் 12-ஆம் தேதியைச் சொல்வேன். சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம், கடைசி ஆட்டம். டிங் லிரென் வெள்ளை, நம் குகேஷ் கறுப்பு. இரண்டு பேரும் சமப் புள்ளி. குகேஷிடம் ஒரு சிப்பாய் அதிகம். ஆனால் இருவரிடமும் ஒரு ரூக்கும் ஒரு பிஷப்பும் இருந்ததால் டிங் சமாளித்துக்கொண்டிருந்தார். டிரா ஆகிவிடும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் நினைத்தார்கள். 55-ஆவது நகர்த்தலில் டிங் ரூக்கை எஃப்2-இல் வைத்தார். குகேஷ் ரூக்கை வெட்டிக்கொண்டார். அடுத்து தன் பிஷப்பை டி5-இல் கொண்டுபோய் எதிரி பிஷப்பின் முன்னால் வைத்தார். அதுவும் போயிற்று. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும். டிங் ராஜாவை இ3-இல் வைக்க, குகேஷ் ராஜாவை இ5-இல் வைத்தார்.

இ3, இ5. நடுவில் ஒரு காலிக் கட்டம். நகர வேண்டியது வெள்ளை. டிங் அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். ஏழரைக்கு ஆறரை. பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.

அன்றைக்குத் திண்ணையில் போனை நடுவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கடைசி நிலை வந்ததும் 'சில்லறை' சிறுமி என் கையைப் பிடித்து, "அத்த, இது நம்ம நிலை" என்றாள். ஆமாம், அதேதான். கூடுதலாகச் சில சிப்பாய்கள், அவ்வளவுதான்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது காய் மாற்றம் பற்றியது. நடு ஆட்டத்தில் 'நீ என் ரூக்கை எடு, நான் உன் ரூக்கை எடுக்கிறேன்' என்று சர்வசாதாரணமாக வெட்டிக்கொள்கிறோம். மதிப்பெண் கணக்கில் அது சமம்தான்: சிப்பாய் 1, குதிரையும் பிஷப்பும் 3, ரூக் 5, ராணி 9. ஆனால் கடைசி ஜோடிக் காய்களை வெட்டிக்கொள்ளும்போது இந்தக் கணக்கு மட்டும் போதாது. வெட்டிய பிறகு நிற்கப்போவது எந்த ராஜா–சிப்பாய் நிலை, அப்போது யார் முறை என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் தைரியமாக வெட்டுவார். தெரியாதவர் கை போன போக்கில் வெட்டுவார்.

ஓப்பனிங் வேண்டவே வேண்டாமா? வேண்டும், முதல் வருஷத்துக்குக் கொஞ்சம் போதும். நடுக் கட்டங்களில் சிப்பாயை வையுங்கள், குதிரைகளையும் பிஷப்புகளையும் சீக்கிரம் வெளியே கொண்டுவாருங்கள், ராஜாவையும் ரூக்கையும் ஒரே முறையில் சேர்த்து நகர்த்தும் காஸ்லிங்கைச் செய்து ராஜாவைப் பத்திரமாக்குங்கள், காரணமில்லாமல் ஒரே காயை இரண்டு முறை நகர்த்தாதீர்கள். நாலு நகர்த்தலில் மேட் செய்யும் வித்தையைப் பிள்ளைகள் யூடியூபில் பார்த்துவிட்டு வருவார்கள். பிஷப்பும் ராணியும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைத் தாக்குவது. அதைத் தடுக்கத் தெரிந்துகொள்ளுங்கள். அதை வைத்து ஜெயிக்கப் பழகாதீர்கள். தடுக்கத் தெரிந்தவரிடம் ராணியை வெளியே விட்டுவிட்டு, திரும்பக் கூட்டிவரவே நேரம் போய்விடும்.

ஆட்டம் வளர்வதற்கு நான் பார்த்தவரை மூன்று பழக்கங்கள் உண்மையாகவே உதவுகின்றன. ஆடும் ஆட்டத்தை நோட்டில் எழுதுவது. எழுதினால்தான் தோற்ற இடத்துக்குத் திரும்பப் போக முடியும். இரண்டாவது, எதிராளி நகர்த்தியதும் உடனே கை நீட்டாமல், 'இவன் ஏன் இங்கே வைத்தான்' என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது. என் பிள்ளைகளைக் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி இருப்பதால் இந்தப் பழக்கம் இரட்டிப்பாக உதவும். மூன்றாவது, தினமும் பத்துப் பதினைந்து நிமிஷம் புதிர்கள். லிசெஸ் தளத்தில் எல்லாமே இலவசம். புதிர், ஆட்டம், அலசல் எல்லாம் கிடைக்கும். ஆனால் ஆட்டம் முடிந்த மறு நொடியே கம்ப்யூட்டரிடம் விடை கேட்காதீர்கள். எங்கே தவறு என்று முதலில் நீங்களே யோசித்து எழுதிவிட்டு அப்புறம் கேளுங்கள்.

போனில் மூன்று நிமிஷ ஆட்டங்களை மட்டும் முதல் வருஷத்துக்குத் தள்ளி வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நாளைக்கு முப்பது ஆடலாம்தான். ஆனால் இன்றைக்குச் செய்த அதே தவறை நாளைக்கும் இன்னும் வேகமாகச் செய்யப் பழகிவிடுவோம். அரை மணி நேர ஆட்டம் ஒன்று ஆடி, அதை எழுதி, அதைப் பற்றிப் பேசினால், அந்த முப்பதைவிட அது பெரிது. பேச ஆள் வேண்டும். சாரல் காலத்தில் கரண்ட் போன சாயங்காலங்களில், எமர்ஜென்சி லைட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒரே நிலையை ஆறு பிள்ளைகள் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த ஆறு பேரும் அந்த ஒரு நிலையை இன்னும் மறக்கவில்லை.

இன்றைக்கு ராத்திரி வீட்டில் ஆடிப் பார்க்க ஒன்று தருகிறேன். வெள்ளை ராஜாவை அதன் சொந்த இடமான இ1-இல் வையுங்கள். கறுப்பு ராஜா அதன் சொந்த இடத்தில், இ8. வெள்ளைச் சிப்பாய் ஒன்று, இ2-இல். சிப்பாய் தொலைந்திருந்தால் ஒரு புளியங்கொட்டை போதும். வெள்ளை முதலில் நகர்த்தினால் வெள்ளைக்கு வெற்றி உண்டு. கறுப்பு முதலில் நகர்த்தினால், சரியாக ஆடினால் டிரா. ஆளுக்கு ஒரு பக்கமாக மாறி மாறி ஆடுங்கள். வெள்ளைக்கு முதல் நகர்த்தலிலேயே கொட்டையை எடுக்கக் கை போகும். எடுத்தால் அங்கேயே வெற்றி கைநழுவிவிடும். ராஜாவை டி2-க்கோ எஃப்2-க்கோ கொண்டுவாருங்கள், அங்கிருந்து மேலே. கொட்டை இ2-இலேயே இருக்கட்டும்.